முதிர்ந்த பெட்டைக்கோழியின் முட்டைப் பிணிகள்

கொல்லைப்புறத்தில் வளரும் பெட்டைக்கோழி ஒன்று, நோய்க்கும் நாய்க்கும் கத்திக்கும் தப்பிப் பிழைத்தால், 8 வருஷம், 10 வருஷம்கூட உயிர் வாழக்கூடிய பறவை என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். அறிந்துகொள்ளும் அளவுக்கு அதை நாம் வாழ விடுவதில்லை என்பதே அதற்குக் காரணம். ஆனால் வீட்டு முட்டைக்காக நாலைந்து கோழிகளைத் தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் வைத்துப் பேணுகிறவர்கள் பெருகியிருக்கும் இக்காலத்தில், மூன்று வயதைக் கடந்த பெட்டைகளை ஊரிலும் நகரத்திலும் சாதாரணமாகக் காண முடிகிறது. அவற்றை வளர்ப்போர் அனைவரும் ஒரு நாள் எதிர்கொள்ளும் காட்சியும் ஒன்றே: நேற்று மாலைவரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழி, இன்று காலையில் இறகைச் சிலிர்த்து, வாலைத் தாழ்த்தி, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு மூலையில் நிற்கிறது, இரையைத் தொடுவதில்லை, இரண்டொரு நாளில் மாண்டும் போகிறது. அறுத்துப் பார்த்தால், குடலிலோ நுரையீரலிலோ அன்றி, முட்டை உண்டாகும் அவயவங்களிலேயே கோளாறு இருப்பதை அடிக்கடி காண்கிறோம். ‘வயசாகிவிட்டது’ என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவது வழக்கம். அவ்விடை பாதி உண்மையே என்பதும், வயதைக் காட்டிலும் அந்தக் கோழி இட்ட முட்டைகளின் தொகையும், இட்டதற்கு நடுவே அதற்கு ஓய்வு கிடைத்ததா என்பதுமே பிரதானமானவை என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் அந்த அவயவங்களைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். கருவாக இருக்கும்போது இடமும் வலமுமாக இரண்டு சினைப்பைகள் தோன்றினாலும், வலப்புறத்தது வளராமல் ஒடுங்கிவிட, இடப்புறத்துச் சினைப்பையும் அதைச் சார்ந்த முட்டைக்குழாயும் மட்டுமே பெட்டைக்கோழிக்கு ஆயுள் முழுவதும் பயன்படுகின்றன. சினைப்பையிலிருந்து விடுபட்ட மஞ்சள்கருவைக் குழாயின் புனல் போன்ற வாய் ஏந்திக்கொள்கிறது. சேவலின் வித்து சேர்வதானால் அங்கே கழியும் கால் மணி நேரத்திலேயே சேர வேண்டும். அப்பால் ஏறக்குறைய 3 மணி நேரம் வெள்ளைக்கரு சுரந்து மூடுகிறது. பிறகு ஒன்றேகால் மணி நேரத்தில் இரண்டு மெல்லிய சவ்வுகள் படிகின்றன. அதன்பின் ஓடு சுரக்கும் பையில் சுமார் 20 மணி நேரம் தங்கி, பெரும்பாலும் இரவிலேயே, சுண்ணாம்பு ஓடு படலம் படலமாக ஏறுகிறது. ஆக ஒரு முட்டைக்கு ஒரு நாளும் சற்று மேலும் செல்கிறது. இட்டு முடித்த அரைமணி நேரத்துக்குள் அடுத்த மஞ்சள்கரு விடுபட்டுவிடவும் கூடும். இத்தனை நுட்பமான காரியம், மாற்றாக இன்னொரு அவயவம் இல்லாத ஓர் ஒற்றைக் குழாயில், நாள் தவறாமல் நடைபெறுகிறது என்பதை மனத்திற்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் உபாதைகளில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எத்தனை முட்டை என்பதே இனி எழும் கேள்வி. வளர்ப்புக் கோழிக்கு மூதாதையான செங்காட்டுக்கோழி வருஷத்துக்கு 10 அல்லது 15 முட்டைகள் இடுவதோடு நின்றுவிடும். நம் நாட்டுக்கோழிகளான சிறுவிடையும் பெருவிடையும் வருஷத்துக்கு 50 முதல் 80 வரை இடும். பண்ணைகளுக்கென்றே தேர்ந்து பெருக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழியோ 300-ஐத் தாண்டுகிறது. இந்த மூன்று தொகைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வெறும் கூடுதல் குறைவு அன்று. நாட்டுக்கோழி 12 அல்லது 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. 21 நாள் அடைகாத்து, அதன்பின் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரிந்து, பருந்துக்கும் காக்கைக்கும் அவற்றைக் காத்து, குஞ்சுகளைக் கொத்தி விரட்டிவிட்ட பிறகே மறுபடியும் முட்டையிடத் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் மூளையின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுந்து, சினைப்பை சுருங்கிக் குழாயும் ஒடுங்கிவிடுகிறது. இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் பருவத்திலும் இவ்வாறே முட்டை நின்று, குழாயின் உட்பூச்சு புதுப்பிக்கப்படுகிறது. பண்ணைக் கோழியிடமிருந்து அடைகாக்கும் சுபாவத்தையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நீக்கிவிட்டார்கள். அதோடு அந்த ஓய்வும் நீங்கிற்று. நம் கிராமங்களில் அடைக் கோழியின் வயிற்றைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும், பஞ்சாரத்தில் கவிழ்த்துப் பட்டினி போடுவதுமாக அடையைக் கலைக்கிற பழக்கம் இருக்கிறது; முட்டை சீக்கிரம் கிடைக்கும் என்பது அதன் நோக்கம். இளம்கோழிக்கு அதனால் பெரிய தீங்கு இல்லாமல் போகலாம். நான்கு வயதுப் பெட்டையிடம் அதைச் செய்வது, இயற்கை அதற்கு வைத்திருக்கும் ஒரே மருந்தைப் பறித்துக்கொள்வதாகும் என்றே நான் கருதுகிறேன்.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்குப் புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்தே சாட்சியம் கிடைக்கிறது. 1971-இல் பதல்லா என்னும் எகிப்திய மகப்பேற்று வைத்தியர், பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுக்கு, சினைமுட்டை இடைவிடாமல் விடுபட்டுக்கொண்டே இருப்பதும் காரணமாகலாம் என்று எழுதினார்; ஒவ்வொரு முறையும் சினைப்பையின் மேல்தோல் கிழிந்து ஆறுவதால், ஆறும் இடத்தில் பிழை நேர வழியுண்டு என்பது அவர் வாதம். மனிதருக்கு வெளியே இந்தப் புற்று தானாகவே அடிக்கடி தோன்றும் பிராணியைத் தேடிய விஞ்ஞானிகள் கண்டது முட்டையிடும் பெட்டைக்கோழியையே. இரண்டு இரண்டரை வயதைத் தாண்டிய பண்ணைக் கோழிகளில் இது கணிசமாகத் தென்படுவதும், வயது ஏற ஏறப் பெருகுவதும் பலமுறை பதிவாகியிருக்கின்றன. பிறவிக் குறையால் சினைமுட்டை விடுபடாத ஒரு வகைக் கோழிகளில் இப்புற்று மிகக் குறைவு. ஆகாரத்தை அளவாகக் குறைத்து வளர்த்த கோழிகள் முட்டையும் குறைவாக இட்டன. அவற்றில் புற்றும் குறைவாகவே கண்டது. அமெரிக்காவின் இலினாய் சர்வகலாசாலையில் ஆளி விதை கலந்த தீவனம் தின்ற கோழிகளில் நோயின் தீவிரம் தணிந்திருந்ததும் உண்டு. பெண்களின் வியாதியை அறிய நடத்திய பரீட்சைகளே கோழியின் துன்பத்துக்கும் விளக்கம் தந்தன. அந்த விளக்கத்தைக் கோழி வளர்ப்போருக்குக் கொண்டு சேர்ப்பவர்கள்தாம் அரிதாகிவிட்டார்கள்.

இனி உபாதைகளைக் காண்போம். எல்லோரும் அறிந்தது முட்டை அடைபட்டுப்போவது. குழாயின் தசை தளர்ந்தோ, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து தாழ்ந்தோ, முட்டை அளவுக்கு மீறிப் பெருத்தோ, கொழுப்பு சூழ்ந்து வழி இறுகியோ முட்டை நடுவழியில் நின்றுவிடுகிறது. கோழி அடிக்கடி முட்டைக் கூடைக்குப் போய் உட்கார்ந்து வெறுமனே எழுந்து வரும். வால் மேலும் கீழுமாகத் துடிக்கும். உடம்பை நிமிர்த்தி, கால்களை அகட்டி, தயங்கித் தயங்கி நடக்கும். நம் பாட்டிமார் காலையில் கோழியைத் திறந்துவிடுமுன், அதை இடக்கையில் அணைத்துக்கொண்டு, வலக்கைச் சுண்டுவிரலால் எச்சத்துவாரத்தைத் தொட்டுப் பார்த்து, ‘இன்னிக்கு இது இடும், அது இடாது’ என்று பிரித்துவைப்பார்களே, அதே பரிசோதனை இங்கே உயிர் காக்கும். காலையில் தட்டுப்பட்ட முட்டை மறுநாள் காலையிலும் அதே இடத்தில் தட்டுப்பட்டால் அது அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கை பொறுக்கும் வெந்நீரில் அடிவயிறு முழுகும்படி கால் மணி நேரம் நிற்கவைத்து, துவாரத்தில் எண்ணெய் தடவி, இருட்டான கதகதப்பான இடத்தில் தனியே விட்டால் பல கோழிகள் தாமாகவே இட்டுவிடும். இடவில்லையானால் சுண்ணாம்புச் சத்து ஊசிக்கும், தசையைச் சுருங்கவைக்கும் மருந்துக்கும் கால்நடை வைத்தியரிடம் போக வேண்டுமேயல்லாமல், உள்ளேயே முட்டையை உடைத்தெடுக்கும் சாகஸம் வீட்டில் கூடாது. ஓட்டின் விளிம்பு குழாயைக் கிழித்துவிடும்.

முக்கி முக்கி இடுவதால் குழாயின் கடைப்பகுதி சிவந்து வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. அந்தச் சிவப்பைக் கண்டவுடன் கூட்டத்திலுள்ள மற்றக் கோழிகள் கொத்தத் தொடங்கிவிடும். கோழி மாள்வது பெரும்பாலும் அந்தக் கொத்தலால்தான். உடனே பிரித்து, கழுவி, சர்க்கரை தூவி வீக்கம் வற்றச் செய்து, மெதுவாக உள்ளே செலுத்தி, வெளிச்சம் குறைந்த இடத்தில் சில நாள் வைத்திருப்பதே செய்யத்தக்கது. மறுபடியும் மறுபடியும் தள்ளுமானால் பிழைப்பது துர்லபம்.

முதிர்ந்த கோழிகளை அதிகமாகக் கொண்டுபோவது இவ்விரண்டும் அல்ல; வெளியே அடையாளம் காட்டாமல் வயிற்றுக்குள் நடக்கும் அழற்சியே. புனல் வாய் தளர்ந்துவிட்டால், விடுபட்ட மஞ்சள்கரு அதில் விழாமல் வயிற்றறையில் விழுந்துவிடுகிறது. எப்போதாவது ஒன்று விழுந்தால் சரீரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். தொடர்ந்து விழுந்தாலோ, எச்சத்துவாரத்திலிருந்து குழாய் வழியாக ஏறிவரும் ஈ-கோலைக் கிருமிக்கு அதைவிடச் சிறந்த ஆகாரம் வேறில்லை. வயிறு நீர் கோத்துத் தொங்கும்; தொட்டால் பலூன் போல் நெகிழும்; மூச்சு திணறும். சில கோழிகளில் குழாய் பின்னோக்கிச் சுருங்கி, சவ்வு மூடிய முட்டையையே வயிற்றுக்குள் தள்ளிவிடுகிறது. வேறு சிலவற்றில் குழாயே அழன்று, சீழும் கருவும் சவ்வுமாகத் திரண்டு, ரப்பரைப் போன்ற ஒரு கட்டி முட்டைக்குப் பதிலாக வெளிவருகிறது. இப்படியான கட்டி ஒன்றை நடுவே வெட்டிப் பார்த்தால், வெங்காயத்தில் இருப்பது போன்ற வளையம் வளையமான படலங்கள் மங்கிய மஞ்சளும் வெண்மையுமாகத் தெரியும். ஒவ்வொரு படலமும், முட்டையாகாமற்போன ஒரு நாளின் சுரப்பு. இந்த நிலையில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நோயைச் சில வாரம் தள்ளிவைக்குமேயன்றி, அடுத்த மஞ்சள்கரு விழுவதைத் தடுக்காது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து எல்லாக் கோழிகளுக்கும் வைப்பது நம்மவரிடம் பரவியிருக்கும் கெட்ட வழக்கம். அந்த மருந்து முட்டையோடு குழந்தைகளின் தட்டுக்கும் வந்து சேரும். கிருமிகளும் அந்த மருந்துக்குப் பழகிப்போகும்; மனிதருக்குக் கடைசிப் புகலான கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைப் பிராணிகளுக்குக் கொடுக்கலாகாது என்று இந்திய சர்க்கார் 2019-இல் தடுத்ததன் உட்பொருள் இதுவே. மேல்நாடுகளில், செல்லப் பிராணியாகவே வைத்திருக்கும் கோழிகளுக்கு, டெஸ்லோரெலின் என்னும் மருந்துக் குச்சியைத் தோலுக்கடியில் செலுத்திச் சில மாதம் முட்டையையே நிறுத்திவைக்கிறார்கள். சிகிச்சையென்று சொல்லத்தக்கதும் ஓய்வையே தருகிறது என்பது கவனிக்கத்தக்கது.

சுண்ணாம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் வீட்டில் நம் கைக்குள் இருப்பது அதுதான். ஒரு முட்டையின் ஓட்டில் 2 கிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது. இரையிலிருந்து வருவது போதாதபோது, கோழி தன் கால் எலும்புகளின் உட்புறத்தில் இதற்கென்றே சேமித்துவைத்திருக்கும் தனி எலும்பிலிருந்து அதை எடுக்கிறது. அதுவும் தீர்ந்தால் சட்டமாக நிற்கும் எலும்பையே கரைக்கிறது. வயது ஏற ஏற முட்டை பெருக்கிறது. ஓட்டுக்கு வரும் சுண்ணாம்போ பெருகுவதில்லை. அதே சுண்ணாம்பு அகன்ற பரப்பில் பரவுவதால் ஓடு மெலிந்து, தோல்முட்டையும் கீறல் முட்டையும் வருகின்றன. அன்றியும் சித்திரை வைகாசி வெயிலில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது, ரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுவதால், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் குறைகிறது; அக்கினி நட்சத்திரத்தில் தோல்முட்டை மிகுவதற்கு இதுவே காரணம். நிழலும், குளிர்ந்த தண்ணீரும், இரையை விடியலிலும் பொழுது சாயும் வேளையிலும் போடுவதும் அப்போது மருந்துக்குச் சமானம். கிளிஞ்சலை மாவாக்காமல் சிறு துண்டுகளாக உடைத்து, தீவனத்தோடு கலக்காமல் தனிச் சட்டியில் வைப்பது நல்லது. அந்தத் துண்டுகள் அரைவைப் பையில் தங்கி, ஓடு ஏறும் இரவு நேரத்தில் மெல்ல மெல்லக் கரையும். தேவையுள்ள கோழி மட்டும் எடுத்துக்கொள்ளும். சேவலுக்கும் குஞ்சுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே போட்டால் மிகுந்த சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் திரியும் கோழிக்கு வைட்டமின் டி-யைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை.

மிச்சமான சோற்றையும் இட்லியையும் குருணையையும் கணக்கின்றிப் போட்டு வளர்க்கும் நகரத்துக் கோழிகளுக்கு மற்றோர் அபாயம் உண்டு. வயிற்றுக்குள் கொழுப்பு விரல் பருமன் படிந்து, ஈரல் கொழுத்து, ஒரு நாள் ஈரல் வெடித்து ரத்தம் கசிந்து கோழி திடீரென்று மாள்கிறது. கொண்டை மட்டும் வெளுத்திருக்கும். அன்பின் மிகுதியால் வரும் மரணம் இது.

இளமையில் வந்த நோய் முதுமையில் பலன் காட்டுவதும் உண்டு. குஞ்சாயிருக்கையில் தொற்று மூச்சுக்குழல் அழற்சி கண்ட பெட்டைக்கு, இருமலும் சளியும் நீங்கிப் பார்வைக்குச் சுகமாகிவிட்டாலும், அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த முட்டைக்குழாய் குன்றிப்போயிருக்கும். அது வளர்ந்து, கொண்டை சிவந்து, கொக்கரித்து, கூடையிலும் போய் உட்காரும். முட்டை மட்டும் வராது. கரு உள்ளேயே விழுந்துகொண்டிருக்கும். 1976-இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட முட்டை வீழ்ச்சி நோயும், வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிகேத் நோயும் முட்டையின் தொகையையும் ஓட்டையும் கெடுப்பவை. தடுப்பூசி போடுவதில் அசிரத்தை கூடாது என்பதைத் தவிர இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டைக்கோழி கூவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டை கூவிப் பொழுது விடியுமா என்பது நம் பழமொழி; கூவிய பெட்டையை அபசகுனம் என்று அன்றைக்கே அறுத்துவிடும் வழக்கமும் உண்டு. கட்டியாலோ அழற்சியாலோ இடப்புறத்துச் சினைப்பை அழிந்துவிடும்போது, கருவிலிருந்தே ஒடுங்கிக் கிடந்த வலப்புறத்துத் திசு ஆண்தன்மையுள்ள சுரப்பியாக வளரத் தலைப்படுகிறது. கொண்டை பெருக்கிறது, வால் இறகு நீள்கிறது, கோழி கூவுகிறது. 1923-இல் எடின்பரோவில் க்ரூ என்னும் விஞ்ஞானி, பல முட்டைகள் இட்டுக் குஞ்சும் பொரித்த ஓர் ஆர்ப்பிங்டன் பெட்டை, நாளடைவில் சேவலாக மாறிக் குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆனதை ஆராய்ந்து எழுதினார். அறுத்துப் பார்த்தபோது அதன் சினைப்பை காசநோய்க் கட்டியால் அழிந்துபோயிருந்தது. ஆகவே கூவும் பெட்டை வீட்டுக்கு எந்தக் கேட்டையும் அறிவிப்பதில்லை. தன் வயிற்றுக்குள் உள்ள வியாதியையே அறிவிக்கிறது. கத்தியை எடுக்குமுன் அதை ஒரு நோயாளியாகப் பார்க்கும் நெஞ்சம் நமக்கு வேண்டும்.

பறவைகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. கூட்டத்தில் பலவீனம் காட்டினால் கொத்துப்படும். அதனால் கண்ணை நம்புவதைவிடக் கையை நம்ப வேண்டும். வாரம் ஒருமுறை இரவில், கட்டையில் அமர்ந்திருக்கும்போது தூக்கிப் பார்த்தால், எடை குறைந்ததும் நெஞ்செலும்பு கத்தி விளிம்பாகத் தட்டுப்படுவதும் தெரிந்துவிடும். எச்சத்துவாரத்தின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைந்தால் கோழி முட்டையில் இருக்கிறது. ஒரு விரலும் நுழையாவிட்டால் ஓய்வில் இருக்கிறது. முனைகள் அகன்றிருந்து, வயிறும் பருத்து, முட்டை மட்டும் பல நாளாக வராவிட்டால் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போக வேண்டிய நாள் அதுவே.

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் ஏறக்குறைய 80 வாரம் ஆனதும் கழிக்கப்படும் கோழிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வீட்டில் வளர்க்கிறவர்கள் பலர். ஒன்றரை வயதுதானே என்று எண்ணக்கூடாது. அந்த ஒன்றரை வயதுக்குள் 300-க்கு மேல் இட்டு முடித்த உடம்பு அது. தமிழ்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. பண்ணையிலோ விளக்கேற்றி 16 மணி நேரம் வெளிச்சம் காட்டி முட்டை வாங்கியிருப்பார்கள். ஆதலால் வீட்டுக்கு வந்தபின் கூண்டில் விளக்கு எரியலாகாது. சில வாரங்களில் இறகு உதிர்ந்து கோழி அலங்கோலமாகத் தோன்றும். அதற்குப் பயந்து சத்து மருந்து தேட வேண்டாம். புரதம் மிகுந்த இரையும் கிளிஞ்சலும் கீரையும் போதும். அதன்பின் இரண்டு நாளைக்கு ஒன்று இட்டால் அதுவே தாராளம். மழைக்காலத்தில் ஒன்றுமே இடாவிட்டால் இன்னும் நல்லது. அதன் எலும்புகளும் சுண்ணாம்பைக் கொடுத்துக் கொடுத்து மெலிந்தவை. டென்மார்க்கில் 2021-இல் வெளியான ஆய்வொன்றில், பரிசோதித்த பண்ணைக் கோழிகளில் பெரும்பான்மையானவற்றுக்கு நெஞ்செலும்பு முறிந்திருக்கக் கண்டார்கள். எனவே உறங்கும் கட்டையை முழங்கால் உயரத்துக்கு மேல் கட்டாமல், கீழே வைக்கோலோ தேங்காய் நாரோ கனமாகப் பரப்பி, ஏறி இறங்க ஒரு சாய்ந்த பலகையும் சாத்திவைக்க வேண்டும்.